பல்லைக் கடித்துக்கொண்டு…

பயந்துபோனவரைப் பார்த்து ‘நா வறண்டுவிட்டது’ என்கிறோம். கஷ்டத்தில் இருப்பவரிடம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்’ என்கிறோம். இரண்டும் வெறும் பேச்சு வழக்கு அல்ல, உடல் உண்மையிலேயே செய்கிற வேலை. மனம் பதறும்போது எச்சிலில் நீர் குறைந்து பிசுபிசுக்கிறது. ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் சுரந்து, உணவுத் துணுக்கைக் கழுவி, அமிலத்தைத் தணிக்கிற எச்சில் அது. நாள்கணக்கில் குறைந்தால் சொத்தைக்கும் வாய்நாற்றத்துக்கும் கதவு திறந்ததுபோல்தான். தாடைத் தசையோ தூக்கத்திலும் இறுகுகிறது: காலையில் காதோரம் வலி, தேய்ந்து தட்டையான கடைவாய்ப் பல், கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு.

அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2021இல் எடுத்த கருத்துக்கணிப்பில், கொரோனாவுக்குப் பிறகு பல்லைக் கடிப்பவர்கள் கூடிவிட்டதாக 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் சொன்னார்கள். மூடிக்கிடந்த கிளினிக் திறந்ததும் கூட்டம் சேர்ந்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் சொத்தையும் அதே அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். சொத்தை கூடியதாகச் சொன்னவர்கள் அதில் பாதிகூட இல்லை. பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகளே வாயை உலர்த்தும், பல்லைக் கடிக்க வைக்கும் என்பதும் உண்மைதான். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் டாக்டரிடம் போகும்போது, சாப்பிடுகிற மாத்திரையையும் கெட்டுப்போன தூக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.