ஆகாய மார்க்கம் – 6: இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு

மேகத்துக்குள் புகுந்தபின் கருவிகளின் முட்களையே கண்ணாகக் கொண்டு ஓடுதளத்தைச் சென்றடையும் வித்தையைச் சென்ற இதழில் பார்த்தோம். சிமுலேட்டர் என்னும் சாதனம் பெயர் பெற்றதே அந்த வித்தையைக் கற்பித்ததால்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பிங்ஹாம்டன் நகரில், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் தொழில் பழகிய எட்வின் லிங்க் என்பவர், அந்த வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் திரும்பியும் அசையும் சிறிய மர விமானம் ஒன்றை 1929-இல் உருவாக்கினார். அதன் மூடியைச் சாத்திக்கொண்டு, வெளியுலகம் சிறிதும் புலப்படாத நிலையில் பறக்கும் பயிற்சியை இரண்டாம் உலக யுத்த காலத்தில் எண்ணற்ற விமானிகள் பெற்றார்கள். காண வழியில்லாத பெட்டியாகப் பெயர் பெற்ற அந்த வம்சத்தில் வந்த இன்றைய வீட்டுச் சிமுலேட்டர், காண்பதையே தன் தலைசிறந்த கொடையாகத் தருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் எந்த உயரத்திலிருந்து காண்பது என்பதில்தான் சகலமும் அடங்கியிருக்கிறது. 35,000 அடி உயரத்தில் பூமி வெறும் வர்ணப் பரப்பாகிவிடுகிறது; 1,500 அடியில் அதே பூமிக்கு மேடும் பள்ளமும், வழியும் வரலாறும் வந்து சேர்கின்றன. கோபுரத்தை ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பவனுக்கும், தேரடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கும் உள்ள பேதம் இவ்விரண்டு காட்சிகளுக்கும் உண்டு. தாழப் பறப்பதன் பிரயோஜனம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. ஒரு பிரதேசம் ஏன் அப்படி அமைந்தது என்பதை அது நமக்குப் பிரத்யட்சமாகக் காட்டிவிடுகிறது.

இதற்கு உதாரணமாக ஸ்காட்லாந்தின் ‘கிரேட் கிளென்’ என்னும் பெரும் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். விமானம் செஸ்னா 172. அதன் இறக்கைகள் விமானியின் தலைக்கு மேலே அமைந்திருப்பதால் கீழுள்ள நிலத்தை அவை மறைப்பதில்லை. 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டரில், அது நிதானமாகவே செல்லும். ஆட்டோபைலட்டையும் ஜி.பி.எஸ். திரையையும் அணைத்துவிட்டு, மேசைமேல் ஒரு காகித வரைபடத்தை விரித்துக்கொண்டால் பிரயாணத்துக்கு வேண்டிய ஏற்பாடு முடிந்தது.

இன்வெர்னஸ் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, நகரின் நடுவே ஓடும் நெஸ் நதியைப் பற்றிக்கொண்டு தென்மேற்கே திரும்பினால், சற்றைக்கெல்லாம் நெஸ் ஏரி நேர்கோடாக விரிகிறது. சுமார் 37 கிலோமீட்டர் நீளமும், ஆழமான இடத்தில் 230 மீட்டருக்குக் குறையாத ஆழமும் கொண்ட இந்த ஒரே ஏரியில், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவு ஜலம் இருக்கிறது. நதி, ரயில் பாதை, ஏரிக்கரை போன்ற நீண்ட அடையாளம் ஒன்றைத் தொடர்ந்து பறப்பவர் அதற்கு வலப்புறமாகவே செல்லவேண்டும் என்பது அந்நாட்டு விமானிகளின் நியமம். எதிரே வருபவரும் அதையே அனுசரிப்பதால் மோதலுக்கு இடமில்லை. விமானி இடப்பக்க ஆசனத்தில் அமர்வதால் ஏரியும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இந்த நியமத்தில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. வடமேற்குக் கரையை ஒட்டிச் செல்லும்போது, அர்க்கார்ட் கோட்டையின் இடிபாடுகளைத் தாண்டியதும், மியால் ஃபுவர்வானி என்னும் குன்று 699 மீட்டர் உயரத்துக்கு, அதாவது நாம் பறக்கும் 1,500 அடி மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 800 அடி, வலப்புறத்தில் எழுந்து நிற்கிறது. திடீரென்று மேகம் இறங்கி வழியை அடைத்துவிட்டால் திரும்பியாக வேண்டும். 90 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு முக்கால் கிலோமீட்டர் அகலம் தேவை. கரையோரமாக வந்தவருக்கு ஏரியின் அகலம் முழுவதும் இடப்புறத்தில் காத்திருக்கிறது. பள்ளத்தாக்கின் நட்டநடுவே வந்தவருக்கோ அதில் பாதிதான் மிஞ்சும்.

ஏரி முடியும் இடத்தில் ஃபோர்ட் அகஸ்டஸ் என்னும் ஊர். அங்கே ஐந்து மதகுத் தொட்டிகள் படிப்படியாக ஏறுவதைக் காணலாம். தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற மகா நிபுணரின் மேற்பார்வையில் 1803-இல் தொடங்கி 1822-இல் திறக்கப்பட்ட கலிடோனியன் கால்வாய் அது. கரைக்குக் கரை சுமார் 97 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்வழியில் மனிதர் வெட்டியது ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான்; மற்றதெல்லாம் இயற்கை அளித்த ஏரிகள். சுமார் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பாறைத்தட்டில் உண்டான நீண்ட பிளவையே, பிற்காலத்துப் பனியாறுகள் குடைந்து ஆழமாக்கின. பள்ளத்தாக்கு அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் நேராக இருப்பதன் காரணம் அதுவே.

அடுத்து வரும் ஆய்க் ஏரி அளவில் சிறியது. ஆயினும் கால்வாயின் உச்சி அதுதான். அதன் நீர் வடகிழக்கே இறங்கி நெஸ் ஏரி வழியாக வடகடலை அடைகிறது. லாகன் என்னும் குறுகிய நிலத்துண்டுக்கு அப்பாலுள்ள லாக்கி ஏரியின் நீரோ தென்மேற்கே ஓடி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கிறது. பாடப் புத்தகத்தில் ‘நீர்பிரி மேடு’ என்று படித்து மறந்த விஷயம், சில விநாடிகளில் நம் இறக்கையின் கீழே கடந்து போகிறது. டெல்ஃபோர்ட் எந்த இடத்தில் மண்ணை வெட்டினார், எதற்காக அங்கே வெட்டினார் என்று விளக்க ஓர் ஆசிரியரும் வேண்டியதில்லை. பிறகு பானவி என்ற இடத்தில் எட்டுத் தொட்டிகள் வரிசையாக இறங்க, பிரிட்டனின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரத்தில் இடப்புறம் நிற்க, பள்ளத்தாக்கு கடலோடு சேர்கிறது.

திரையில் காணும் இந்த நிலத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, வட அட்சம் 60 பாகை முதல் தென் அட்சம் 56 பாகை வரையுள்ள நிலத்தின் உயரங்களை ரேடார் கொண்டு அளந்தது. அத்தகைய அளவீடுகள் கிட்டியதால்தான் வீட்டுக் கணிப்பொறியிலும் மலைகள் மெய்யான வடிவம் பெற்றன. கட்டிடங்களின் சங்கதி வேறு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு வெளியான சமயத்தில், லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையே ஓர் அலுவலகக் கட்டிடம்போல் காட்சியளித்தது. கணிப்பொறி, மேலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு அதை ஊகித்துக் கட்டியிருந்தது. ஆகவே நிலத்தை வாசிக்க விரும்புவோர் முதலில் நகரங்களைவிட மலையையும் நீரையுமே நாடவேண்டும். அவை பொய் சொல்வது அரிது.

மனிதர், படகு, வாகனம், கட்டிடம் எதற்கும் 500 அடிக்குள் நெருங்கலாகாது என்று பிரிட்டனில் சட்டம் உண்டு. வீட்டில் அதை மீறினால் கேட்பாரில்லை. இருந்தும் அதை அனுசரிக்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். மரங்களை உரசிப் பறப்பவரின் கவனமெல்லாம் மோதாமல் தப்புவதிலேயே செலவாகி, நிலத்தைக் காண மிச்சமிருப்பதில்லை.

அடுத்த இதழில், இதே ஸ்காட்லாந்தின் மேற்கே, கடல் வற்றும் வேளையில் மட்டும் மணற்பரப்பே ஓடுதளமாகும் பார்ரா தீவுக்குச் செல்வோம். அதற்குள் வாசகர்கள் இந்தப் பள்ளத்தாக்கை எதிர்த்திசையிலும் ஒருமுறை கடந்து, ஒவ்வொரு ஓடையும் எந்தக் கடலுக்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்து, பிறகு வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டுகிறேன். விடை சரியாக வரத் தொடங்கும் நாளில், அறியாத எந்த நாட்டின் மீதும் வழி கேளாமல் பறக்கும் தகுதி அவர்களுக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.