உங்களுக்குத் தெரியுமா? தனியே வாழும் பெரியவருக்கு ஏற்ற நாய்

நம் பக்கம் ‘பொமரேனியன்’ என்று விற்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன உடம்பு, நம் வெயிலுக்குப் பழகிய இனம். வாசலில் ஆள் வந்தால் குரைத்துவிடும் என்பதால், காது மந்தமானவருக்குப் பெரிய உதவி.

விளம்பரத்தில் பார்த்த ஆசைக்கு பக் வாங்காதீர்கள். நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கின்றன. சப்பை மூக்குள்ள பக், கடலூர், சிதம்பரம் புழுக்கத்தில் அதற்கே திணறும்.

குட்டியும் வேண்டாம். ஓயாமல் ஓடும், காலுக்குள் நுழையும். நாய், பூனையால் விழுந்து காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வருவோர் ஆண்டுக்குச் சுமார் 86,000 பேர் என 2009-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது, பெரும்பாலும் நாயால்தான். குணம் தெரிந்த, மூன்று நான்கு வயது நாயே நல்லது. காது கேட்பவரானால், கழுத்துப்பட்டையில் சிறு மணி கட்டுங்கள், நாய் காலடியில் வருவது தெரியும்.

மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ அம்மாவைத் தனியே விட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே! ஸ்பிட்ஸ் பத்து வருடத்துக்கு மேல் வாழும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு யார் அழைத்துப் போவது, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் யார் சோறு வைப்பது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் பேசி முடித்த பிறகே நாயைக் கொண்டுவாருங்கள்.