பதினேழு முறை பிறந்த தொழிலாளி



பனிப்பிளவொன்றினுள் வீழ்ந்து கிடக்கிறான் ஒரு தொழிலாளி. கயிற்றில் தொங்கியபடி அவனுடைய நண்பன் இறங்கி வருகிறான். காப்பாற்ற அன்று, அங்கு விழுந்திருந்த தீயுமிழ் கருவியை எடுத்துச் செல்லவே வந்தான். போகும்போது, சாவது எப்படியிருக்கும் என்றும் கேட்டுவிட்டுப் போகிறான்.

கொரிய நெறியாளர் பொங் ஜூன் ஹோ ஆங்கிலத்தில் உருவாக்கி 2025இல் வெளிவந்த 'மிக்கி 17' இவ்வாறு தொடங்குகிறது. எட்வேர்ட் அஷ்டன் எழுதிய 'மிக்கி 7' (2022) என்ற நாவலே இதற்கு மூலம். மிக்கியாக நடித்தவர் றொபேட் பற்றின்சன்.

கடன்காரனுக்கு அஞ்சிப் பூமியை விட்டோட விரும்பும் மிக்கி, விண்ணப்பத்தைச் சரிவர வாசியாமலே கையொப்பமிடுகிறான். பனி மூடிய புதிய கோளொன்றுக்குச் செல்லும் விண்கலத்தில் வேலை கிடைக்கிறது. சாவதே அந்த வேலை. கோளின் காற்றிலே நோய்க்கிருமி உண்டா என்றறிய முதலில் சுவாசிப்பவன் அவன்தான். இறந்தால், கழிவுப் பொருள்களிலிருந்து அவனுடல் மீண்டும் அச்சிடப்படும். சேமித்த நினைவுகள் அதில் ஏற்றப்படும். கருவி தொலைந்தால் நட்டம். மனிதன் தொலைந்தால் மறுநாள் இன்னொருவன். நண்பனின் செயலுக்கு விளக்கம் இதுவே.

இதிலே சிரிப்பு எங்கிருந்து வருகிறது? சாவு ஒருமுறையே நிகழ்வதால்தான் அது அவலமாகிறது. நாளாந்த அலுவலாகிவிட்டால் அதற்குரிய மரியாதையும் போய்விடுகிறது. அச்சியந்திரத்திலிருந்து மிக்கி வெளிவரும்போது, உடலைத் தாங்கும் கட்டிலை வைக்க மறந்துவிடுகிறார்கள். அவன் வழுகி நிலத்தில் விழுகிறான். நாம் சிரிக்கிறோம், சிரித்ததற்காக உடனே வெட்கப்படுகிறோம்.

இக்கற்பனைக்கு ஒரு முன்னோடி உண்டு. செக் நாடகாசிரியர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகமே 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆக, செயற்கை மனிதன் தொடக்கத்திலேயே வேலையாளாகத்தான் கற்பனை செய்யப்பட்டான். சாப்பெக் காட்டியது வேலைக்கெனச் செய்யப்பட்ட உயிரை. பொங் காட்டுவதோ, ஒரு கையொப்பத்தால் பொருளாக்கப்பட்ட மனிதனை.

பனிப்பிளவில் கிடந்த பதினேழாமவனைக் காப்பாற்றுபவை, மனிதர் அருவருக்கும் அக்கோளின் பிராணிகள். அவன் திரும்பி வருகையில் பதினெட்டாமவன் அச்சாகிவிட்டான். ஒருவனுக்கு ஒரே காலத்தில் இரண்டு பிரதிகள் இருத்தல் சட்டவிரோதம். நினைவுகள் ஒன்றே, ஆயினும் முன்னவன் அடங்கிப் போகிறவன், பின்னவன் சீறுகிறவன். ஒருவனுக்கு மற்றவன் ஈடாவான் என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. இந்த வேறுபாடே படத்தின் உயிர்நாடி என்பது எனது கருத்து.

இறுதியில் அச்சியந்திரம் தகர்க்கப்படுகிறது. இலக்கம் நீங்கி, மிக்கி பார்ன்ஸ் என்ற முழுப்பெயர் அவனுக்குத் திரும்புகிறது. இனி அவனும் எல்லோரையும் போல ஒருமுறைதான் சாவான். அதனையே அவனுக்குக் கிடைத்த விடுதலையாகப் படம் காட்டுகிறது.