எரிக்க எரிக்கப் பெருகும் காசு

பிறர் குறையை எள்ளி உரைப்பது அங்கதம். இதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனத் தொல்காப்பியம் இருவகைப்படுத்துகிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை உள்ளே மறைத்துக் கூறுவது பின்னது.

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று அழகுடன் விளங்குவதாகப் பாடினார்; அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடப்பதாகக் கூறினார். புகழ்ச்சிபோல் தோன்றும் இச்சொற்களுள், தொண்டைமான் போர்ப்பழக்கம் இல்லாதவன் என்னும் பழி மறைந்துள்ளது.

இவ்வுத்தி இன்று கணினி விளையாட்டிலும் இடம்பெறுகிறது. கைல் கேப்ளர், ஆலன் பிளாம்குவிஸ்ட், கைல் கிரே ஆகிய மூவர் உருவாக்கி, 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'லிட்டில் இன்ஃபெர்னோ' என்னும் விளையாட்டு அதற்குச் சான்று.

இவ்விளையாட்டில் ஓடுவதும் இல்லை, பகைவரும் இல்லர். ஆடுவோர் முன் ஒரு கணப்பு அடுப்பு மட்டுமே உண்டு. பொம்மை, கடிகாரம், சோளக்கதிர் எனப் பட்டியலைப் பார்த்துப் பொருள்களை வாங்கி, அவற்றைத் தீயில் இடவேண்டும். எரிந்த பொருள், கொடுத்த விலையைவிட மிகுதியான காசைத் தரும். அக்காசில் அடுத்த பொருள். அதுவும் தீக்கே இரை. விலை ஏற ஏறப் பொருள் வந்துசேரக் காத்திருக்கும் நேரமும் நீளும். வெளியே நகரெங்கும் புகை எழுகிறது. பனியும் குளிரும் கூடிக்கொண்டே போகின்றன. ஆடுவோர் கண் அடுப்பைவிட்டு அகல்வதில்லை.

'வாங்காதே' என்று இவ்விளையாட்டு ஓரிடத்திலும் அறிவுரை கூறுவதில்லை. 'இன்னும் வாங்கு' என்றே அழைக்கிறது. தேவையின்றி வாங்கிக் குவிக்கும் தம் கைகளைத் தாமே காணும்போது ஆடுவோர்க்கு உண்மை விளங்குகிறது. கதையில் அடுப்பை விற்கும் நிறுவனத்திற்குப் படைப்பாளர்கள் தம் நிறுவனமான 'டுமாரோ கார்ப்பரேஷன்' பெயரையே சூட்டினர். எள்ளலுக்குத் தாமும் விலக்கல்லர் என்பது இதன் குறிப்பு. முடிவில் வீடே எரிந்துபோக, அடுப்பின்முன் இருந்த சிறுவன் தெருவுக்கு வருகிறான்.

விளையாட்டில் எரிந்த பொருள் சுவடின்றி மறையும். வாழ்க்கையில் அவ்வாறு மறைவதில்லை. பாராடாங் கடைகளில் தொங்கும் தின்பண்டப் பைகள் கப்பலிலும் லாரியிலும் ஏறிக் கடல் கடந்து வருபவை. தின்பண்டம் நொடியில் தீரும். நெகிழிப் பையோ வந்த வழியே எளிதில் திரும்புவதில்லை. எரித்தால் நச்சுப்புகை, எறிந்தால் அலையாத்திக் காட்டின் வேர்களில் சிக்கும். தீவில் வாழ்வோர், வாங்குமுன் 'இது எங்கே போய்ச் சேரும்?' எனக் கேட்டல் நன்று.

சொற்பொருள்
கணப்பு – குளிர்காயும் தீ
நெகிழி – பிளாஸ்டிக்
அலையாத்திக் காடு – கடலோரச் சேற்றுநிலக் காடு

பயிற்சி
1. அங்கதத்தின் இருவகைகள் யாவை?
2. லிட்டில் இன்ஃபெர்னோ எவ்வகை அங்கதம்? காரணம் தருக.
3. ஒரு வாரத்தில் உம் வீட்டிற்கு வந்த நெகிழிப் பைகளை எண்ணி, அவை சென்ற இடங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.