வகுத்த பணம் சென்ற வழி

பொருளை ஈட்டிக் காத்து வகுத்தலை அரசின் திறமாகக் கொண்டார் வள்ளுவர். வகுத்த பொருள் உரியவன் கையைச் சேர்ந்ததா என ஆராய்தல் குடிகளின் வேலையாக நம்மிடம் விடப்பட்டிருக்கின்றது. பள்ளியை விட்டு நீங்கிய இளைஞர்க்கென எழுந்தவை, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும், 1995ஆம் ஆண்டில் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையும். அவற்றிற்கு ஒதுக்கப்படும் பணம் டயகமத் தோட்டத்து லயன்களை எட்டிற்றா என அறிவது எங்ஙனம்?

முதலில் நாடவேண்டியது, பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்படும் வரவு செலவுத்திட்ட மதிப்பீட்டு நூல். அதில் இத்தகைய சபைகளுக்குரிய தொகை பெரும்பாலும் மானியமாக மொத்தமாகவே காணப்படும். ஆதலின் அந்நூல் வாயிலைக் காட்டுமேயன்றி வீட்டினுள் நடப்பதைக் காட்டாது. உள்ளே நுழைய, அச்சபைகளின் ஆண்டறிக்கையும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் வேண்டும். ஒதுக்கிய தொகை வேறு, விடுவித்த தொகை வேறு, செலவிட்ட தொகை வேறு. மேடைகளில் முதலாவதே முழங்கக் கேட்கின்றோம்.

நிற்க. தோட்டப்புறத்திற்கே உரியதொரு தடையும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபைநிதியைச் செலவிட இடந்தரவில்லை என்றே பொருள்கொள்ளப்பட்டு வந்தது. அதனால், வாக்களித்த மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாசிகசாலையோ விளையாட்டுத் திடலோ அமைக்கச் சபை விரும்பினும், பணம் தோட்ட எல்லையில் நின்றுவிடும். அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. அவ்வாண்டிலேயே அக்கரபத்தனைப் பிரதேச சபையும் புதிதாக இயங்கத் தொடங்கிற்று. எனவே பழைய கணக்கை ஆராய்வோர், ‘பணமில்லை’ என்ற விடையையும் ‘சட்டம் இடந்தரவில்லை’ என்ற விடையையும் வேறு பிரித்தறிதல் வேண்டும்.

இன்று நம் கையிலுள்ள கருவி, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். காரணங் கூறாமலே எக்குடிமகனும் தமிழிற் கேட்கலாம். எழுத இயலாதோர் வாயாற் கூறின், அலுவலரே எழுதிக்கொள்ளல் வேண்டும். 14 வேலைநாட்களுள் தருவதா மறுப்பதா என முடிவு கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. ஆயினும் கேள்வியிலேதான் எல்லாம் தங்கியுள்ளது. ‘இளைஞர்க்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?’ என வினவினால், நகரும் கிராமமும் தோட்டமும் கலந்த நுவரெலியா மாவட்டத் தொகையொன்று வந்துசேரும். எந்தக் கிராம அலுவலர் பிரிவில், எந்த மொழியில், எத்தனைபேர் சேர்ந்தனர், எத்தனைபேர் முடித்தனர் என்றல்லவா கேட்கவேண்டும்! அவ்வாறு பிரித்த கணக்கே இல்லையென விடை வரின், அதுவும் அறியத்தக்க செய்தியே.

என்னிடம் பயின்ற ஒருவன் சாதாரண தரத்தோடு நின்று, மின்வேலை கற்க ஒரு பயிற்சி நிலையத்திற்குச் சென்றான். பாடம் முழுவதும் சிங்களத்தில் நடந்தது. மூன்றாம் வாரம் திரும்பிவிட்டான். இன்று கொழும்பிலே ஒரு கடையில் நிற்கின்றான். அந்நிலையத்தின் ஏட்டில் அவன் சேர்ந்தோருள் ஒருவனாக இன்னும் இருத்தல் கூடும். அவன் தம்பி இவ்வாண்டு என் வகுப்பில் இருக்கின்றான். மேற்கூறிய நான்கு கேள்விகளையும் எழுதி விண்ணப்பத்தை அனுப்பியிருக்கின்றேன்.