வலது கையில் டாட்டூ, அடுத்த மாதம் மெடிக்கல்

மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் மருத்துவத் தேர்வு நெருங்கினால் வாசகர் கடிதங்களில் தவறாமல் வரும் கேள்வி இது: வலது முன்கை டாட்டூவை ஒரே மாதத்தில் லேசரில் எடுத்துவிடலாமா? கறுத்த தோல் தாங்குமா? இடது முன்கையின் உட்புறத்தில் இருந்தால் விதி அனுமதிக்கிறது. வலது, சல்யூட் அடிக்கும் கை.

ஒரு மாதத்தில் நடக்காது. லேசர் மையை உடைக்க மட்டுமே செய்யும். துகள்களை அள்ளிப்போவது உடலின் வெள்ளணுக்கள். அவை யார் கெடுவுக்கும் வேலை செய்வதில்லை. இரண்டு சிட்டிங்குகளுக்கு நடுவே ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டும். பலருக்கு ஆறேழு சிட்டிங் போதுவதில்லை.

தோல் தாங்குமா என்பதில்தான் சூட்சுமம். மை ஆழத்தில் கிடக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதற்கு மேலடுக்கில். இரண்டுமே ஒளியை உறிஞ்சும். உள்ளே பதுங்கியவனைப் பிடிக்க வந்த போலீஸ், திண்ணையில் இருந்தவனை அடித்துவிட்டுப் போவதுபோல, லேசர் மெலனினைச் சுட்டுவிடும். கொப்புளம், கருந்திட்டு, சிலருக்கு வெண்திட்டு.

தப்பிக்கும் வழியை 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: சரியான அலைநீளம், மிகக் குறுகிய துடிப்பு. என்டி-யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது, கறுப்பு மை நன்றாக உறிஞ்சுகிறது. நானோ செகண்டில் துடிப்பு முடிவதால் சூடு பக்கத்தில் பரவ நேரமில்லை. அழகான ஏற்பாடு, மை கறுப்பாக இருக்கும்வரை. சிவப்புக்கு 532, பச்சைக்கு 755 அல்லது 694 என்று இறங்க வேண்டும். அங்கே மெலனின் ஒளியை வாரிக் குடிக்கும்.

'எல்லா நிறத் தோலுக்கும் பாதுகாப்பானது' என்ற விளம்பரத்தை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்கலாம். மருத்துவர்கள் தோலை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலும் 1975இல் வெள்ளைத் தோலுக்காகப் பிறந்ததுதான். பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பிறகு ஒட்டப்பட்டவை. விளம்பரத்தில் 'எஃப்.டி.ஏ. கிளியரன்ஸ்' என்று இருந்தால், பெரும்பாலும் சந்தையில் ஏற்கெனவே உள்ள கருவிக்கு இது ஈடானது என்று அமெரிக்காவில் ஒத்துக்கொண்டார்கள் என்பதே பொருள்.

மற்ற கேள்விகள். முதலில் சின்ன இடத்தில் சோதிக்க வேண்டுமா? கட்டாயம், சில வாரம் காத்திருந்து பார்க்கவும்.

தழும்பு புடைத்து வளரும் உடம்பா? முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடவும்.

வெள்ளை மை, தோல்நிற மை? லேசர் பட்டதும் கறுத்துப்போகலாம்.

பார்லரில் முடி நீக்கும் ஐ.பி.எல். மெஷின்? அதன் துடிப்பு மில்லி செகண்ட் கணக்கு, தோல் வெந்துவிடும்.