அலுமாரியில எத்தனை கட்டுப் பேப்பர் இருக்கோணும்?

ரொறன்ரோவில் நான் கொன்ட்ராக்ட் வேலைக்குப் போற ஒஃபிஸ்களில் ஸ்டேஷனரி அலுமாரி ஒன்றில் பூட்டியிருக்கும், இல்லாட்டி வெறுமையாயிருக்கும். பூட்டு வேண்டாம், ஒரு கணக்குப் போதும்: ஒரு நாளைக்கு முடியிறதை, ஓடர் வந்துசேர எடுக்கிற நாளாலை பெருக்கி, அவசரக் கையிருப்பைக் கூட்டுங்கோ. நாளுக்கு 2 கட்டு, வர 3 நாள், அவசரத்துக்கு 4 எண்டால், 10 கட்டு மிஞ்சேக்க ஓடர் போடவேணும். அந்தப் பத்தாவது கட்டுக்கு மேல ஒரு சிவப்பு அட்டையை வையுங்கோ. டொயோட்டாவின் 'கன்பான்' அட்டையும் இதே யோசனைதான்.

இந்தக் கணக்கின் உயிர் அந்த '3 நாள்'. 2022 மார்ச்சில் இலங்கையில் அதுதான் உடைஞ்சது. டொலர் இல்லை, கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய ஏலேல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைச்சினம். 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுறதை நிறுத்தின.

அம்மா ஒருபக்கம் எழுதின தாளை எறியாமல் வைக்கிறதைப் பார்த்துச் சிரிப்பீங்கள். 90களில் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள்ள வாழ்ந்தவைக்கு, சாமான் எத்தனை நாளில் வரும் எண்ட எண்ணே தெரியாது. அந்த எண் தெரியாட்டி, சரியான கையிருப்பு எண்டது கையில இருக்கிற எல்லாமும்தான்.

அதனால அலுமாரியை எண்ண முதல், சப்ளையரிட்டக் கேளுங்கோ: எத்தனை நாள்?